பனியன் கம்பெனி ஆபீஸும் பெரிய கம்பெனிகளின் பிடியும்: எதிலிருந்து கழற்றுவது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஜாப் ஒர்க் யூனிட். அப்பா கையிலிருந்து இப்போதுதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஆபீஸில் ஐந்து கம்ப்யூட்டர், எல்லாமே விண்டோஸ் 10, எதற்கும் பில் கிடையாது. மெயிலுக்கு ஜிமெயில், ஃபைலுக்கு கூகுள் டிரைவ், ஆர்டர் பேச்சு முழுக்க வாட்ஸ்அப். இதையெல்லாம் விட்டு வெளியே வர வேண்டும், ஒரே வாரத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதில் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் போட்டுவிடலாமா, கணக்கு பார்க்கும் டேலியும் டிசைன் வரையும் கோரலும் அதில் ஓடுமா, வாட்ஸ்அப்புக்குப் பதில் ஜோஹோவின் அரட்டை செயலி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியே வரலாம். ஆனால் லினக்ஸில் தொடங்காதீர்கள். இந்த ஆசை வருகிற எல்லாரும் முதலில் கை வைப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான். அங்கேதான் பிரிண்டர் மக்கர் பண்ணும், அக்கவுண்டன்ட் முகம் சுளிப்பார், பத்தாவது நாள் பழையபடி விண்டோஸ் ஏறிவிடும். அதோடு ஆசையும் போய்விடும். நான் கோவையில் சர்வர் வேலை பார்ப்பவன். சின்னக் கம்பெனிகளுக்கு இந்த மாற்றத்தைச் செய்து கொடுத்திருக்கிறேன். நின்று நிலைத்த இடங்களில் எல்லாம் மெயில் முகவரியில்தான் ஆரம்பித்தோம்.

ஏன் மெயில்? ஆர்டர் கொடுக்கும் ஒரே பையரை நம்பிக் கம்பெனி நடத்தக் கூடாது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பையர் ஒரு சீசன் கையை விரித்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் நாம். ஆனால் பேங்க், ஜிஎஸ்டி, பிஎஃப், டொமைன், கூகுள் டிரைவில் இருக்கும் பேட்டர்ன் ஃபைல் எல்லாவற்றுக்கும் சாவியாக ஒரே ஒரு இலவச ஜிமெயில் கணக்கை வைத்திருக்கிறோம். அது நம்முடையது அல்ல. எந்த நாளும் அவர்கள் பூட்டலாம். பூட்டினால் பேச ஆள் கிடையாது.

இது கற்பனைப் பயம் இல்லை. 2022-இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு செய்தி வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், உடம்பு சரியில்லாத தன் சின்னப் பையனின் படத்தை டாக்டருக்கு அனுப்ப போனில் எடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படம் என்று கணித்தது. கணக்கு மூடப்பட்டது. மெயில், தொடர்புகள், வருடக்கணக்கான படங்கள், கூகுளிடம் வாங்கியிருந்த போன் நம்பர், எல்லாம் போயிற்று. போலீஸ் விசாரித்து அவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தது. கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை.

அது தனி ஆள், நமக்கென்ன என்று நினைத்தால், குஜராத்தின் நயாரா எனர்ஜியைப் பாருங்கள். வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை, நாடு முழுக்கப் பெட்ரோல் பங்க். ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் அதில் 49 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே பங்கு வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மேல் தடை விதித்தது. இந்தியச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை, சந்தா கட்டியாயிற்று, ஆனாலும் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்திவிட்டது. ஊழியர்களுக்கு அவுட்லுக்கும் டீம்ஸும் திறக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சில நாளில் சேவை திரும்ப வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு வக்கீல் உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு. உங்களுக்கும் எனக்கும் கூகுளின் உதவிப் பக்கத்தில் ஒரு படிவம் மட்டும்தான் உண்டு.

அதனால் முதல் வேலை, கம்பெனி பெயரில் ஒரு சொந்த டொமைன், அதாவது உங்களுக்கென்று ஒரு இணைய முகவரி. .in என்று முடிகிற டொமைன் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். முக்கியமான விஷயம், உங்கள் பெயரிலும் உங்கள் போன் நம்பரிலும் நீங்களே பதிவு செய்ய வேண்டும். வெப்சைட் செய்து தருகிற ஆளிடம் "நீங்களே பார்த்துப் போட்டுடுங்க" என்று விடாதீர்கள். அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் அப்படித்தான் விட்டிருந்தார்கள். வெப்சைட் போட்டவர் தொழிலை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார், டொமைன் அவர் கணக்கில். அதை மீட்பதற்குள் கம்பெனிக்காரர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

டொமைன் இருந்தால் மெயிலை யார் நடத்தினாலும் முகவரி உங்களுடையது. இன்று ஒரு நிறுவனத்திடம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் இன்னொன்றிடம். விசிட்டிங் கார்டும் பில் புக்கும் மாறாது. பையருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. வெளியே வருவது என்று நான் சொல்வதன் முக்கால்வாசி இதுதான்: கதவு எப்போதும் உங்கள் பக்கம் திறக்கிற மாதிரி வைத்துக்கொள்வது. கூகுளிலேயே காசு கட்டி உங்கள் டொமைனை வைத்திருந்தால்கூட, இலவச ஜிமெயிலை நம்பி இருப்பதைவிட நீங்கள் சுதந்திரமான ஆள் என்பேன். யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய மென்பொருள்தான் வேண்டும் என்கிற சுத்தமான கட்டற்ற மென்பொருள்காரர்கள் இதைக் கேட்டால் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

மெயிலை யாரிடம் கொடுப்பது என்று வரும்போது மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உள்நாட்டுக் கம்பெனியா, மூலநிரல் திறந்ததா (அதாவது மென்பொருள் எழுதப்பட்ட விதத்தை யாரும் பார்க்கலாமா), அந்தரங்கம் காப்பதா? மூன்றும் தனித்தனி. ஜோஹோ நம் ஊர்க் கம்பெனி. மெயிலில் விளம்பரம் காட்டுவதில்லை. ஆனால் மூலநிரல் மூடியது. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் 2014-இல் வந்தது. அதன் செயலிகளின் நிரல் திறந்தது, உங்கள் பெட்டியில் இருப்பதை அவர்களே படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து வைக்கிறார்கள். ஆனால் 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஒரு வழக்கில், புரோட்டான் மெயிலை இந்தியாவில் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தொழில் நடத்துகிறவன் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். கம்பெனிக்கு ஜோஹோ அல்லது அது மாதிரி ஏதாவது ஒரு கட்டணச் சேவை, உங்கள் சொந்த விஷயத்துக்கு வேண்டுமானால் புரோட்டான், இதுதான் என் யோசனை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நீங்கள் எதில் இருந்தாலும், பையர் ஜிமெயிலில் இருந்தால் கடிதத்தின் ஒரு நகல் கூகுளிடம் இருக்கும். மெயிலில் முழு அந்தரங்கம் என்று ஒன்று இல்லை.

மாற்றும்போது முதலில் பேங்க், அடுத்து ஜிஎஸ்டி, பிஎஃப், இஎஸ்ஐ, அப்புறம்தான் பையர்கள். ஜிமெயிலை உடனே மூடாதீர்கள். வருகிற கடிதம் புது முகவரிக்குத் தானாக வரும்படி வைத்து, ஒரு வருடம் விட்டுவிடுங்கள். மறந்துபோன இடமெல்லாம் அதில் தெரியவரும். கூகுள் டேக்அவுட் என்ற வசதியில் பழைய மெயில், படம், தொடர்பு எல்லாவற்றையும் இறக்கி ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் போட்டால் மெயிலின் ஒரு நகல் உங்களிடமே இருக்கும். இது விண்டோஸிலும் ஓடும். இப்படி விண்டோஸில் இருந்தபடியே மாற்றக்கூடியதை எல்லாம் முதலில் மாற்றிவிடுங்கள்: குரோமுக்குப் பதில் பயர்பாக்ஸ், அதில் விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி, எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரேஆபீஸ், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்க கீபாஸ்எக்ஸ்சி அல்லது பிட்வார்டன். காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்த ஜிஎஸ்டி பாஸ்வேர்டை எத்தனை ஆபீஸில் பார்த்திருக்கிறேன்! குரோமில் யூபிளாக் ஆரிஜின் முழு வடிவில் இப்போது ஓடாது, நீட்சிகளுக்கான விதியை கூகுள் மாற்றிவிட்டது. வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கு விளம்பரத்தை நம்பும் கம்பெனி, விளம்பரத் தடுப்பானுக்கு எத்தனை நாள் இடம் கொடுக்கும்? பயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவுக்கும் பெரும்பகுதி வருமானம் கூகுள் தேடலை முதன்மையாக வைப்பதற்குக் கிடைக்கும் காசுதான். அதையும் தெரிந்துகொண்டே பயன்படுத்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்தரங்கம் என்றதும் நம் போனை யார் பார்க்கிறார்கள் என்றுதான் யோசிக்கிறோம். உங்கள் யூனிட்டில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள் அல்லவா? அவர்களுடைய ஆதார், பேங்க் பாஸ்புக், போட்டோ எல்லாம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சூப்பர்வைசர் போனில். சேரும் அன்று போட்டோ எடுத்து "ஸ்டாஃப் டீடெய்ல்ஸ்" வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருப்பார். அந்தக் குரூப்பில் வேலையை விட்டுப் போன ஆள்களும் இருப்பார்கள். சூப்பர்வைசர் போன் கேலரி அவருடைய சொந்த கூகுள் போட்டோஸுக்குத் தானாக ஏறிக்கொண்டிருக்கும். அவர் நாளை வேறு கம்பெனிக்குப் போனால் அத்தனை பேர் ஆதாரும் அவரோடு போகும்.

2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த உரிமை கட்டிங் மாஸ்டருக்கும் செக்கிங் அம்மாவுக்கும் உண்டு. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்துவிட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அடுத்தவர் தகவலை டிஜிட்டலாக வைத்திருக்கும் தொழில் நடத்துபவர் அதைப் பத்திரமாக வைக்கக் கடமைப்பட்டவர். அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய் வரை போகிறது. சின்ன யூனிட்டுக்கு அவ்வளவு போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் செய்ய வேண்டியது சுலபம்தான். முழு ஆதார் கட்டாயமில்லாத இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை வாங்குங்கள், ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்திலேயே இறக்கலாம். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் மறையாக்கம் செய்த ஒரு ஃபோல்டர், அதற்கு வெராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசம். குரூப்பில் கிடப்பதை அழியுங்கள். உங்கள் பட்டியலில் லினக்ஸ் பத்தாவதாக இருந்தால் இது இரண்டாவதாக இருக்க வேண்டும்.

சரி, லினக்ஸுக்கு வருவோம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். நம் ஊர் ஆபீஸ்களில் பாதிக்கு மேல் அதைவிடப் பழைய மெஷின் என்பது என் கணிப்பு. தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு எஸ்எஸ்டி மாட்டி லினக்ஸ் மின்ட் போட்டால், 4 ஜிபி ராம் உள்ள மெஷின்கூட எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பில் நன்றாக ஓடும். பார்ப்பதற்கும் விண்டோஸ் சாயல், ஸ்டார்ட் மெனு இருக்கிற இடத்தில் மெனு.

காசு மிச்சம் என்ற வாதத்தை மட்டும் அப்பாவிடம் வைக்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். "இப்ப மட்டும் காசா குடுத்துட்டு இருக்கோம்?" என்பார். நியாயம்தானே. பில் இல்லாத விண்டோஸ், கிராக் செய்த கோரல், கிராக் செய்த போட்டோஷாப், இதுதான் கொங்கு நாட்டின் நிஜமான இலவச மென்பொருள். ஆனால் இந்த இலவசத்துக்கு இரண்டு விலை இருக்கிறது. கிராக் ஃபைல் வழியாகத்தான் ஃபைலை எல்லாம் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் பல ஆபீஸில் நுழைகிறது. இன்னொன்று, கிராக்கில் பழகிய கை அதே மென்பொருளுக்கு ஆயுள் சந்தாதாரர். யூனிட் பெரிதாகி, வெளிநாட்டுப் பையர் ஆடிட் என்று வரும்போது மொத்தமாக லைசென்ஸ் வாங்க வேண்டியிருக்கும். வேறெதிலும் வேலை செய்ய ஆள் பழகியிருக்க மாட்டார்கள்.

இப்போது டேலி. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. மாதக் கடைசியில் ஜிஎஸ்டி தாக்கல் நேரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். டேலிக்கென்று ஒரு கம்ப்யூட்டரை விண்டோஸில் விடுங்கள், ஒரிஜினல் லைசென்ஸ் வாங்கி. டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், விரல்ரேகை வருகைப்பதிவு மெஷினின் மென்பொருள் மூன்றும் அதில் இருக்கட்டும். வேறு எதுவும் வேண்டாம், யூடியூப்கூட. ஈ-வே பில்லும் ஈ-இன்வாய்ஸும் பிரவுசரில் நடப்பவை, லினக்ஸில் பிரச்சினை வராது.

டேலியை விட்டே வர வேண்டும் என்றால் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற கணக்கு, சரக்கு மென்பொருள் இருக்கிறது. மும்பையின் ஃப்ராப்பே செய்தது, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம், ஜிஎஸ்டிக்கு என்றே தனிச் செயலி உண்டு. நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங் என்று ஒவ்வொரு இடத்துக்கும் சரக்குப் போய் வரும் கணக்கை, ஷார்டேஜ் உட்பட, டேலியைவிட அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், சில மாதம் பொறுமையும் வேண்டும். ஐந்து கம்ப்யூட்டர் யூனிட்டுக்கு இப்போதே தேவையில்லை. ஆடிட்டரும் டேலி ஃபைல்தான் கேட்பார்.

கோரல் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பூரில் லினக்ஸ் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்க்ஸ்கேப் பழைய கோரல் ஃபைல்கள் பலவற்றைத் திறக்கும், புதுப் பதிப்பு ஃபைல் என்றால் சண்டித்தனம் செய்யும். ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட்டிலிருந்து தினமும் கோரல் ஃபைல் வந்து போகிறது என்றால் அந்த மெஷினைத் தொடாதீர்கள். நீங்களே வரைந்து வெளியே கொடுப்பது என்றால் பிடிஎஃப் அல்லது எஸ்விஜியாகக் கொடுத்துப் பழக்கலாம். தமிழ் எழுத்து இருந்தால் இன்னொரு தொல்லை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் காலத்து எழுத்துருவில் அடித்த லேபிள், யூனிகோடு மென்பொருளில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்று விடுபட்டிருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பார்த்தே அச்சுக்குக் கொடுங்கள். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை தனியாக வாங்க வேண்டியதில்லை, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக அமைத்துக்கொள்ளலாம்.

எம்பிராய்டரிக்கு உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இன்க்ஸ்கேப்போடு சேர்ந்து ஓடும் இன்க்ஸ்டிட்ச் என்ற திறந்த மூல நீட்சி இருக்கிறது. படத்தைத் தையலாக மாற்றி, மெஷின் படிக்கும் டிஎஸ்டி ஃபைலாகத் தரும். சின்ன லோகோ, நெஞ்சு மேல் வரும் எழுத்து, பள்ளிக்கூட டீ-ஷர்ட் பேட்ஜ் என்றால் பஞ்சிங், அதாவது டிசைனைத் தையல் ஃபைலாக மாற்றும் வேலையை, வெளியே கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. துணியின் இழுவைக்குத் தக்கபடி ஈடுகட்டுவதைக் கற்றுக்கொண்டால் போதும். உடம்பு முழுக்க வரும் பெரிய டிசைனுக்கு அனுபவசாலியான பஞ்சிங்காரரிடமே போங்கள். பேட்டர்ன் வரைய சீம்லி2டி, வாலன்டினா இரண்டும் உண்டு. அளவைக் கொடுத்தால் சைஸுக்குச் சைஸ் தானாக மாறும்படி வரையலாம். பேட்டர்ன் துண்டுகளைத் துணியில் நெருக்கி அடுக்கும் மார்க்கர் போட்டுத் துணி மிச்சம் பார்க்கும் வேலைக்கு மட்டும், காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு இவை ஈடாகாது. நம் ஊரில் லாபமே அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது என்பதால் அதை விளையாட்டாக மாற்ற வேண்டாம். கோவைப் பக்கம் லேத், பம்ப் செட் வேலை பார்க்கும் நண்பர்கள் இருந்தால் ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பு வந்தது, முன்பு மாதிரி அடிக்கடி உடைவதில்லை.

பிரிண்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லா ஆபீஸ் மேசையிலும் இருக்கும் கேனன் எல்பிபி 2900 தனக்கென்று ஒரு மூடிய முறையில் பேசுவது. லினக்ஸில் அதை ஓட வைக்கலாம், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். எச்பி, பிரதர் பெரும்பாலும் சொருகியதும் ஓடும். டெலிவரி சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸில் எப்சன் டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் மின்ட்டை ஓட்டிப் பார்க்க முடியும் என்பதால், எதையும் அழிக்காமல் பிரிண்டர், ஸ்கேனர், பார்கோடு எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதித்துவிடலாம்.

முதலில் எந்தக் கம்ப்யூட்டர்? பேக்கிங் லிஸ்ட் அடிப்பது, அல்லது கேட்டில் என்ட்ரி போடுவது. பிரவுசரும் ஒரு ஷீட்டும் போதும் என்கிற மெஷின். அதில் ஒரு மாதம் ஓடட்டும். ஐந்தில் மூன்று லினக்ஸுக்கு வந்தால் போதும், அதுவே பெரிய வெற்றி. எஞ்சிய இரண்டும் டேலிக்கும் கோரலுக்கும்.

ஆள் விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 2006, 2007 வாக்கில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், அன்றைய நிர்வாக இயக்குநர் சி. உமாசங்கர் முன்னின்று, சூசி லினக்ஸுக்கும் ஓப்பன்ஆபீஸுக்கும் மாறியது. அந்தக் காலத்தில் நாடே திரும்பிப் பார்த்தது. அவர் மாற்றலாகிப் போன பிறகு அந்த வேகம் நீடிக்கவில்லை. 2011-இலிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள்? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, பாடப்புத்தகத்தையே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதினார்கள். இன்றும் கேரள அரசின் கைட் அமைப்பின் லினக்ஸ்தான் அங்கே பள்ளிக்கூடத்தில் ஓடுகிறது. பெரிய அளவில் மாறியவர்களும் திரும்பிப் போவது உண்டு: ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை மாற்றி, 2017-இல் திரும்ப விண்டோஸுக்கே போக முடிவு செய்தது. உங்கள் ஆபீஸில் நீங்கள் ஒருவர் மட்டும் இதைத் தெரிந்து வைத்திருந்தால் உங்களுக்குக் காய்ச்சல் வரும் அன்று விண்டோஸ் திரும்பிவிடும். அக்கவுண்ட்ஸ் அம்மணியோ மெர்ச்சண்டைசர் தம்பியோ, ஆர்வம் உள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தமிழில் படிக்கக் கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றி நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன.

ஃபைலுக்கு, கூகுள் டிரைவுக்குப் பதிலாக எல்லாரும் நாமே சொந்த சர்வரில் நடத்தும் நெக்ஸ்ட்கிளவுட் என்பார்கள். நல்லதுதான், ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். உங்களுக்கு சின்க்திங் போதும். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குள் ஃபோல்டரைத் தானாக ஒத்திசைக்கும், நடுவில் யாருடைய சர்வரிலும் ஃபைல் தங்காது. ஒத்திசைவு வேறு, பேக்அப் வேறு. ஒருவர் தவறுதலாக அழித்தால் ஐந்து இடத்திலும் அழியும். வாரம் ஒரு முறை வெளி டிஸ்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்கை வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். ஆபீஸிலேயே வைத்தால் தீ, திருட்டு, வைரஸ் மூன்றுக்கும் ஒன்றாகப் போகும்.

கடைசியாகப் போன். கூகுள் இல்லாத ஆண்ட்ராய்டு என்று லினியேஜ்ஓஎஸ், கிராஃபீன்ஓஎஸ் எல்லாம் உண்டு, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் யுபிஐ இல்லாமல் திருப்பூரில் டீ குடிக்க முடியாது. மாற்று ஓஎஸ்ஸில் பேங்க் செயலிகள் சில ஓடும், சில ஓடாது, இன்று ஓடுவது நாளை நிற்கும். தொழில் நடத்தும் போனில் அந்தச் சோதனை வேண்டாம். இருக்கிற போனிலேயே விளம்பர அடையாள எண்ணை அழியுங்கள், அமைப்பில் தனியுரிமைப் பகுதியில் இருக்கும். டார்ச் செயலிக்கு எதற்குத் தொடர்புப் பட்டியல் என்று ஒவ்வொரு அனுமதியாகப் பாருங்கள். சாதாரணக் கருவிகளைத் திறந்த மூலச் செயலிகளின் கடையான எஃப்-டிராய்டிலிருந்து எடுங்கள்.

வாட்ஸ்அப்பை விட முடியாது. பையர், டையிங், டிரான்ஸ்போர்ட் எல்லாரும் அங்கேதான். அதில் செய்தியின் உள்ளடக்கம் முனைக்கு முனை மறையாக்கத்தில்தான், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடிதான் போகிறது, 2016-இலிருந்து சிக்னல் செயலியின் அதே முறைதான். யாரோடு, எப்போது, எவ்வளவு தடவை என்ற விவரம்தான் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்குக் கிடைக்கிறது. 2021-இல் அந்தத் தகவல் பகிர்வை ஏற்றே ஆக வேண்டும் என்று கொண்டுவந்த கொள்கைக்காகத்தான் 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அரட்டை உள்நாட்டுச் செயலி. ஆனால் 2025-இல் எல்லாரும் முண்டியடித்து அதில் சேர்ந்த நேரத்தில் அழைப்புகளுக்குத்தான் முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திக்கு இல்லை. டெலிகிராமிலும் சாதாரண அரட்டைக்கு அது கிடையாது, ரகசிய அரட்டை என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு. டெலிகிராம் பாதுகாப்பானது என்று நம் பக்கம் எப்படியோ ஒரு பேர் வந்துவிட்டது. விலை பேசுவது, சம்பளம், பார்ட்னர் விஷயம் இவற்றுக்கு மட்டும் சிக்னல் போடுங்கள். லாபநோக்கற்ற அறக்கட்டளை நடத்துவது, நிரல் திறந்தது. அமெரிக்க நீதிமன்றம் கேட்டபோதுகூடக் கணக்கு தொடங்கிய தேதியும் கடைசியாக இணைந்த தேதியும் தவிரக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் இன்று ராத்திரியே செய்ய வேண்டியது ஒன்று. கூகுள் டிரைவுக்குப் போகும் அரட்டை பேக்அப், நீங்களாக இயக்கினால் ஒழிய முனைக்கு முனை மறையாக்கத்தில் இருக்காது. அமைப்பு, அரட்டைகள், அரட்டை பேக்அப் என்று போனால் அந்தத் தேர்வு கடைசியில் இருக்கும். அதை இயக்கி, கொடுக்கும் பாஸ்வேர்டைக் கீபாஸ்எக்ஸ்சியில் எழுதி வையுங்கள். மறந்தால் பேக்அப்பை யாராலும் திறக்க முடியாது, வாட்ஸ்அப்பாலும்கூட. சூப்பர்வைசர் போனிலும் இதையே செய்துவிட்டு, டொமைன் பெயர் முடிவானதும் எழுதுங்கள். மெயில் மாற்றத்துக்கான டிஎன்எஸ் பதிவுகளை எப்படி எழுதுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.